கலாவின் மொட்டை ஹெல்மெட்

கங்காரு நாட்டில், நோபல் பார்க் பக்கம் கலாவைத் தெரியாத தமிழர் குறைவு. அவள் அமெரிக்கன் ஃபுட்பால் விளையாடுகிறாள் என்று சொன்னால் நம்புகிற தமிழர் அதைவிடக் குறைவு. நாற்பதைத் தாண்டியவள். பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகம் இரவல் கொடுக்கிற மேசையில் வேலை. கோயில் திருவிழா என்றால் மடைப்பள்ளிப் பக்கம் முதல் ஆளாய் நிற்பவள். அப்படிப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமைகளில் தோளில் கவசமும் தலையில் கம்பி போட்ட ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு சேற்றில் விழுந்து எழும்புகிறாள் என்றால் யார்தான் நம்புவார்கள்? கட்டிய கணவன் சிறிதரனே முதலில் நம்பவில்லை. தோய்க்கப் போட்டிருந்த காற்சட்டையின் சேற்றைப் பார்த்த பிறகுதான் நம்பினான்.

இது எப்படி நடந்தது என்று சொல்வதற்கு முன் கலாவின் ஒரு குணத்தைச் சொல்லியாக வேண்டும். யாராவது எதையாவது நீட்டினால் முதலில் "வேண்டாம்" என்பாள். மறுபடி நீட்டினால் "ஐயோ, உண்மையா வேண்டாம்" என்பாள். மூன்றாம் தரம் வற்புறுத்தினால்தான் கை நீளும். தேத்தண்ணியோ, வடையோ, காரில் ஒரு இடமோ, எல்லாவற்றுக்கும் இதே சட்டம்தான். இதில் அதிசயம் ஒன்றுமில்லை, நம்மில் பாதிப்பேர் அப்படித்தான். கேட்டவுடனே வாங்கிக்கொள்கிறவனைப் பற்றி அவன் தலை மறைந்ததும் நாம் என்ன சொல்வோம் என்பதும் எல்லோருக்கும் தெரியும். கலாவிடம் அது கொஞ்சம் முற்றிப்போயிருந்தது, அவ்வளவுதான். "என்னைக் கட்டுறீரோ?" என்று சிறிதரன் கேட்டபோதே இரண்டு தரம் வேண்டாமென்றவள் அவள். அவனும் யாழ்ப்பாணத்தான் என்றபடியால் மனம் தளராமல் மூன்றாம் தரமும் கேட்டான்.

ஃபுட்பாலும் அப்படித்தான் வந்து சேர்ந்தது. பல்கலைக்கழகத்தின் பெண்கள் அணிக்கு ஆள் போதவில்லை. போட்டிப் பட்டியலிலிருந்தே தூக்கிவிடுவார்கள் என்ற நிலை. அணியின் நட்சத்திரம் ஸ்ருதி, ட்ருகனினாவிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறிப் படிக்க வருகிற பிள்ளை. சென்னையில் பிறந்தாளே தவிர வளர்ந்ததெல்லாம் இங்கேதான். அவள் நூலக வாசலில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு போகிறவர் வருகிறவரையெல்லாம் பிடித்துக்கொண்டிருந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியே வந்த கலாவின் அகன்ற தோளை அவள் ஒரு கண்ணால் அளந்தாள்.

"ஆன்ட்டி, ஸ்டாஃபும் விளையாடலாம். வர்றீங்களா?"

"சீச்சீ, நானோ! வேண்டாம் பிள்ளை."

"ப்ளீஸ் ஆன்ட்டி, சும்மா ட்ரை பண்ணிப் பாருங்க."

"ஐயோ, உண்மையா வேண்டாம்."

"ஆன்ட்டி, உங்க கால்ல விழறேன், ஆளே இல்ல!"

மூன்றாம் தரமும் கேட்ட பிறகு மறுப்பது மரியாதை இல்லை. கலா கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

அவளை நிறுத்திய இடம் முன்வரிசை. அங்கே நிற்பவள் பந்தோடு ஓடுவதில்லை. பந்து வைத்திருக்கிற ஸ்ருதியை விழுத்த வருகிறவர்களை மறித்துப் பிடிக்க வேண்டும், அதுதான் முழு வேலையும். பயிற்சியாளர் டேமியன் பலகையில் வட்டமும் பெருக்கல் குறியும் போட்டு வெகுநேரம் விளக்கினான். கலாவுக்கு முதல் நிமிடத்திலேயே விளங்கிவிட்டது. இது ஊரில் விளையாடிய கிளித்தட்டு. பள்ளிக்கூடத்தில் அவள் மறிக்கத் தொடங்கினால் ஒருத்தியும் கோட்டைத் தாண்டியதில்லை. இங்கேயும் தாண்டவில்லை. முதல் பயிற்சியிலேயே அவளை இடிக்க வந்த மருத்துவ மாணவி ஒருத்தி புல்லில் உட்கார்ந்துகொண்டு வானத்தைப் பார்த்தாள். கலா ஓடிப்போய், "நொந்துபோச்சோ ராசாத்தி?" என்று தமிழிலேயே கேட்டுத் தூக்கிவிட்டாள்.

டேமியன் நல்ல மனுசன். பகலில் குழாய் வேலை, மாலையில் பயிற்சி. ஆனால் ஒரு பைத்தியம் உண்டு, அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் சரித்திரம். ஒருநாள் பயிற்சி முடிந்ததும் ஒரு சுருள் ஸ்டிக்கரைக் கையில் வைத்துக்கொண்டு பிரசங்கம் தொடங்கினான். சென்ற நூற்றாண்டின் அறுபதுகளில் அங்கே நன்றாக ஆடிய மாணவனுக்கு ஹெல்மெட்டில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டிவிடும் வழக்கம் வந்ததாம். ஒஹாயோவில் ஒரு மரத்து இலை, புளோரிடாவில் ஒரு கோடரி, ஜோர்ஜியாவில் நாய் கடிக்கிற எலும்பு. போர் விமானிகள் விழுத்திய விமானத்துக்கு ஒன்றாகத் தங்கள் விமானத்தில் குறி போட்டுக்கொண்டதைப் பார்த்துத்தான் இந்த யோசனை பிறந்தது என்று சொல்கிறவர்களும் உண்டாம். எந்தக் கல்லூரி முதலில் தொடங்கியது என்பதில் இன்றைக்கும் இழுபறியாம். கோயில் மரியாதையில் முதல் காளாஞ்சித் தட்டு யாருக்கு என்ற சண்டையைப் பார்த்து வளர்ந்த கலாவுக்கு அதை விளங்கிக்கொள்வதில் சிரமம் இருக்கவில்லை.

நம் அணியின் பெயர் கூக்கபராஸ், மனிதர் சிரிப்பதுபோலக் கத்துகிற உள்ளூர்ப் பறவையின் பெயர். ஆகவே ஸ்டிக்கரும் வாயைத் திறந்து சிரிக்கிற ஒரு சின்னக் கூக்கபரா. ஒவ்வொரு ஆட்டமும் முடிந்த பிறகு டேமியன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எல்லோரும் கைதட்ட, ஹெல்மெட்டில் ஒட்டிவிடுவான். இதைக் கேட்டதும் கலாவின் நெஞ்சுக்குள் ஏதோ குறுகுறுத்தது. பிள்ளைத்தனம்தான். சம்பளம் வாங்குகிற, வீட்டுக் கடன் கட்டுகிற, தலைமுடிக்குச் சாயம் பூசுகிற ஒரு பெண்ணுக்கு ஒரு குருவி ஸ்டிக்கரில் ஆசை வருவதை வேறென்ன சொல்வது? ஆனால் வந்தது, அதுவும் பலமாக வந்தது. வாழ்க்கையில் எத்தனையோ பந்தியில் பரிமாறியிருக்கிறாள், எத்தனையோ விழாவில் மற்றவர் பிள்ளைகளுக்குக் கைதட்டியிருக்கிறாள். அவள் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

முதல் ஆட்டம் முடிந்தது. அன்றைக்கு எதிரணியில் ஒருத்தியும் ஸ்ருதியின் சட்டையைக்கூடத் தொடவில்லை. டேமியன் முதல் பெயராகக் கூப்பிட்டதே கலாவைத்தான். எல்லோரும் கைதட்டினார்கள். அவன் ஸ்டிக்கரை உரித்து விரல் நுனியில் வைத்துக்கொண்டு அவளிடம் வந்தான். ஆசைப்பட்டது கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றபோது கலாவின் வாய் தன் பழைய வேலையைச் செய்தது.

"நோ, நோ. இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்," என்றாள் ஆங்கிலத்தில், வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டு.

டேமியன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு மிகுந்த மரியாதையோடு தலையை ஆட்டி, "நோ வொரிஸ், கலா," என்று சொல்லி, அந்த ஸ்டிக்கரைக் கொண்டுபோய் ஸ்ருதியின் ஹெல்மெட்டில் ஒட்டினான்.

கலா அதே சிரிப்போடு நின்றாள். இரண்டாம் தரம் கேட்பான் என்று காரில் ஏறும் வரைக்கும் காத்திருந்தாள். அவன் கேட்கவில்லை. பாவம், அவன் என்ன செய்வான்? அவனுடைய ஊரில் வேண்டாமென்றால் வேண்டாம்.

அடுத்த பயிற்சியில்தான் விபரீதம் விளங்கியது. டேமியன் வீட்டுக்குப் போய் யோசித்துத் தன் சரித்திரப் பைத்தியத்தோடு அதை முடிச்சுப் போட்டிருந்தான். அமெரிக்காவில் சில கல்லூரிகள் இந்த ஸ்டிக்கர் விளையாட்டே வேண்டாமென்று வெறும் ஹெல்மெட்டோடு இறங்குமாம், அதையே பெரிய பெருமையாக வைத்திருக்குமாம். தனி ஒருவரின் புகழைவிட அணி பெரிது என்பது அதன் பொருளாம். "நம்மிடம் அப்படி ஒருத்தி இருக்கிறாள். கலாவிடம் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளுக்கே அது தெரிந்திருக்கிறது," என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். பிள்ளைகள் அவளைப் பார்த்த பார்வையில் பக்தி இருந்தது.

"ஆன்ட்டி, நீங்க செம கெத்து," என்றாள் ஸ்ருதி. "எனக்கெல்லாம் அந்த மனசு வராது."

கலா என்ன சொல்வாள்? "எனக்கும் வரேல்லையடி பிள்ளை" என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் உண்மையைச் சொல்வதென்றால் அந்தப் பக்தியும் கொஞ்சம் இனித்தது. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் அவள் செய்த இரண்டாவது பிழை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆட்டத்திலும் அவள் சுவர் மாதிரி நின்றாள். ஒவ்வொரு ஆட்டத்தின் பிறகும் டேமியன் அவளைத் தாண்டிப் போனான், போகும்போது மரியாதையோடு ஒரு தலையாட்டல். ஸ்ருதியின் ஹெல்மெட்டில் இடமில்லாமல் கூக்கபராக்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன. கலாவின் ஹெல்மெட் மொட்டையாகவே இருந்தது. வீட்டில் ஒருநாள் அப்பிளைக் கழுவும்போது அதன் மேலிருந்த சின்ன ஸ்டிக்கர் கையோடு வந்துவிட்டது. கலா நாலு பக்கமும் பார்த்துவிட்டு அதை ஹெல்மெட்டில் ஒட்டி, குளியலறைக் கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தாள். வடிவாகத்தான் இருந்தது. கதவை மூட மறந்துபோயிருந்தாள்.

"என்னப்பா, தலைக்கு விலை போட்டிருக்கோ?" என்றான் சிறிதரன் வாசலில் நின்று.

கலாவுக்கு அழுகை வந்துவிட்டது. முழுக்கதையையும் கொட்டினாள். சிறிதரன் சிரிப்பை அடக்க முயன்று தோற்றான்.

"இதில என்ன இருக்கு? நாளைக்குப் போய்க் கேளும். எனக்கும் ஒண்டு தாங்கோ எண்டு கேட்டா முடிஞ்சுது."

"விசரே உங்களுக்கு? கேட்டு வாங்கிறதும் ஒரு மரியாதையே?"

"அப்ப விடும்."

"விடவும் ஏலாமல்தானே கிடக்கு!"

கேட்கவும் முடியாது, விடவும் முடியாது. கலா நூலகத்தில் வேலை செய்கிறவள், ஆகவே வேறு வழி தேடினாள். மத்தியான இடைவேளைகளில் ஸ்டிக்கர் சரித்திரத்தைத் தோண்டினாள். ஒருமுறை வேண்டாமென்று மறுத்தவனுக்கே பின்னொரு நாள் எங்காவது ஒட்டியிருக்கிறார்களா என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அது கிடைக்கவில்லை, ஆனால் அதைவிட நல்லது கிடைத்தது. பிற்காலத்தில் சில பயிற்சியாளர்கள் வழக்கத்தைச் சற்று மாற்றியிருந்தார்கள். தனித்தனியாகக் கொடுத்தால் எல்லோரும் தங்கள் பெயரைத்தான் பார்க்கிறார்கள் என்று, வென்றால் அணி முழுவதற்குமே ஆளுக்கொன்று கொடுக்கத் தொடங்கினார்களாம். படித்ததும் கலா கதிரையிலிருந்து எழும்பிவிட்டாள். அணி முழுவதற்கும் என்றால் அவளுக்கும்தானே!

மிகவும் சாதாரணமாகச் சொல்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு டேமியனிடம் அதைச் சொன்னாள். சரித்திரம் என்றதும் அவன் முகம் மலர்ந்தது. அடுத்த ஞாயிறு வென்றார்கள். டேமியன் சுருளோடு வரிசையின் ஒரு முனையிலிருந்து தொடங்கினான். ஆளுக்கொரு கூக்கபரா. கலா ஹெல்மெட்டை நன்றாகத் துடைத்து, வசதியாக முன்னால் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு முன் நின்றவளுக்கு ஒட்டினான். கலாவுக்கு முன்னால் வந்து நின்றான். தோளில் கை வைத்தான்.

"பயப்படாதே, கலா. உன் கொள்கை எனக்கு மறக்கவில்லை," என்று சொல்லி, அடுத்தவளுக்கு ஒட்டினான்.

அன்று இரவு கலா சிறிதரனோடு கதைக்கவில்லை. அவன் ஒன்றும் கேட்காததால் அவனோடு கோபமும் பட்டாள்.

இப்படியே சீசன் முடிந்து இறுதி ஆட்டம் வந்தது. கூக்கபராஸ் இறுதிக்கு வந்ததே பெரிய அதிசயம். உடைமாற்றும் அறைக்குள் கலா நுழைந்தபோது வழக்கமான கூச்சல் இல்லை. பிள்ளைகள் எல்லோரும் நீள வாங்கில் உட்கார்ந்து ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு நகத்தால் எதையோ சுரண்டிக்கொண்டிருந்தார்கள். தரையெங்கும் கிழிந்த கூக்கபராக்கள்.

"என்னடி பிள்ளை இது?" என்றாள் கலா.

"உங்களுக்காகத்தான் ஆன்ட்டி," என்றாள் ஸ்ருதி. "நான்தான் ஐடியா சொன்னேன். ஃபைனல்ல எல்லாரும் உங்கள மாதிரியே, ஒரு ஸ்டிக்கர்கூட இல்லாம இறங்கறோம். டேமியன் அப்படியே கண் கலங்கிட்டாரு. அடுத்த வருஷத்துலேருந்து ஸ்டிக்கரே கிடையாதுன்னு சொல்லிட்டாரு."

தனக்கு ஒன்று கிடைக்க வேண்டுமென்று தவித்தவள் எல்லோரிடமிருந்தும் எல்லாவற்றையும் பிடுங்கியிருந்தாள். இனி அவளுக்கும் இல்லை, வேறு எவளுக்கும் இல்லை.

ஸ்ருதி கடைசி ஸ்டிக்கரில் நின்றாள். காதுப் பக்கம் ஒட்டியிருந்த, விளிம்பு கறுத்துப்போன பழையது. அவளுக்கு முதன்முதலில் கிடைத்தது. நகத்தை அதன் ஓரத்தில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"அதை விடன் பிள்ளை. உனக்கு விருப்பமானதெல்லே," என்றாள் கலா.

"பரவால்ல ஆன்ட்டி," என்றாள் ஸ்ருதி, சிரித்துக்கொண்டு.

அந்தப் 'பரவால்ல' எந்தப் 'பரவால்ல' என்று கலாவுக்குத் தெரியாதா? அந்தச் சிரிப்பைத்தானே அவள் சீசன் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்! வடை வேண்டும் என்கிற வயிற்றோடு வடைத்தட்டைத் தள்ளிவிடுகிறவர்களின் சிரிப்பு அது. தான் பொய் சொன்னது தன்னோடு போகட்டும், இந்தப் பிள்ளையும் ஏன் பழக வேண்டும்? கலாவுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. எழும்பிப்போய் ஸ்ருதியின் கையைப் பிடித்து ஹெல்மெட்டிலிருந்து அகற்றினாள்.

"நில்லுங்கள் எல்லோரும்!" என்று ஆங்கிலத்தில் கத்தினாள். குரல் நூலகக்காரியின் குரல் இல்லை. அறை அடங்கியது. "எனக்குக் கொள்கை ஒன்றும் கிடையாது. எனக்கு ஸ்டிக்கர் வேணும். முதல் நாளிலிருந்தே வேணும்."

மூலையில் நின்ற டேமியன் கையிலிருந்த பலகையைக் கீழே வைத்தான்.

"நீதானே வேண்டாம் என்று சொன்னாய்?"

"சொன்னேன்."

"வேண்டுமென்றால் ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்?"

"நீ திரும்பக் கேட்பாய் என்று நினைத்தேன்."

"சரி, திரும்பக் கேட்டிருந்தால்?"

"அதற்கும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்," என்றாள் கலா. அவளுக்கே சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. "மூன்றாம் தரம் கேட்க வேண்டும். எங்கள் ஆட்கள் அப்படித்தான்."

"ஐயோ ஆன்ட்டி!" என்று தலையில் கை வைத்தாள் ஸ்ருதி. "எங்க அம்மாவும் இதையேதான் பண்ணுவாங்க. எனக்கு எப்படித் தோணாமப் போச்சு!"

அறை வெடித்துச் சிரித்தது. புல்லில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்த அந்த மருத்துவ மாணவி சிரிப்புத் தாங்காமல் வாங்கிலிருந்து சரிந்தாள். டேமியன் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு சீசன் முழுக்க மரியாதை என்று நினைத்துத் தான் செய்துகொண்டிருந்தது என்ன என்பது இப்போதுதான் அவனுக்கு விளங்கியிருந்தது. காது வரை சிவந்துபோனான். பையைத் திறந்து சுருளை எடுத்தான். முதலில் பிள்ளைகளுக்கு, உரித்ததற்கெல்லாம் ஈடாகப் புதிது கொடுத்தான். பிறகு கலாவுக்கு முன்னால் வந்து, முதல் ஆட்டத்தின் பிறகு நின்றது போலவே நேராக நின்றான். ஒரு கூக்கபராவை உரித்து விரல் நுனியில் வைத்தான்.

"கலா, உனக்கு ஒரு ஸ்டிக்கர் வேண்டுமா?"

மூன்று தரம் கேட்க அவன் தயாராக வந்திருந்தான் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஸ்ருதி எண்ணிக்கை காட்ட விரலை உயர்த்தியிருந்தாள். கலாவின் வாயில் அந்தப் பழைய சொல் பல்லு வரைக்கும் வந்துவிட்டது. அவள் அதை விழுங்கினாள்.

"ஓம்," என்றாள், தமிழிலேயே.

அவன் ஒட்டினான். கொஞ்சம் சரிந்துபோய் ஒட்டியது. கலா அதை விரலால் தடவிப் பார்த்தாள். அவன் சுருளைச் சுருட்டிக்கொண்டு திரும்பிப் போகத் தொடங்கினான். அவள் அவனுடைய கையை எட்டிப் பிடித்தாள்.

"ஒன்று போதாது," என்றாள். "சீசன் முழுக்க வரவேண்டியது இருக்கிறது."